பெயரை மாற்றிப் பாருங்கள்

போன மாதம் என் கவிதை ஒன்று திருட்டுப் போய்விட்டது. போலீஸுக்குப் போகவில்லை. போயிருந்தால் திருடியவனை விட்டுவிட்டு என்னைத்தான் முதலில் உள்ளே உட்கார வைத்திருக்க வேண்டும்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பேட்டையில் 35 வருஷமாக லெண்டிங் லைப்ரரி வைத்திருந்தவர் காலமாகிவிட்டார். பெயர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பெயர் போட்டாலும் பிரயோஜனமில்லை. 'லைப்ரரி சார்' என்றால்தான் எங்கள் தெருவுக்கே தெரியும். அவர் மகள் போன் பண்ணினாள். "அங்கிள், நீங்க பத்திரிகைல எழுதறவர். அப்பாவுக்கு நாலு வரி எழுதிக் குடுங்க. ஃப்ளெக்ஸ்ல போடணும்."

ஃப்ளெக்ஸ் கடைக்கே போனேன். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, கடைப் பையன் டீ வாங்கி வருவதற்குள் எழுதி முடித்துவிட்டேன். வெட்கத்தை விட்டு இங்கே தருகிறேன்:

அன்பின் சிகரமே! பண்பின் அகரமே!
பாசத்தின் ஊற்றே! நேசத்தின் கீற்றே!
ஏழைக்கு நிழலே! எங்களின் தழலே!
நீ மறைந்தாலும் உன் நினைவு மறையாது!

பதினாறாம் நாள் வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். "என்ன எதுகை, என்ன மோனை!" என்று ஒரு ரிட்டயர்டு தமிழாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மகள் மட்டும், "நல்லா இருக்கு அங்கிள்" என்றாள். சர்க்கரை போட மறந்த காபியை விருந்தாளி வீட்டில் குடித்துவிட்டுச் சொல்வோமே, அந்தக் குரலில்.

மூன்று வாரம் கழித்து, இரண்டு தெரு தள்ளி, அதே நாலு வரி. அதே இரண்டு குத்துவிளக்கு, அதே வெள்ளைப் புறா. நடுவில் கூலிங்கிளாஸ் போட்ட ஒரு வட்டிக்கடைக்காரர். நேராகக் கடைக்குப் போனேன். பையனுக்கு என்னை ஞாபகமில்லை.

"அது மாடல் நாலு சார். நல்லாப் போகுது."

"தம்பி, அதை எழுதினதே நான்தான்."

"அப்படியா சார்! ரொம்ப சந்தோஷம். லேடீஸுக்கு ஒண்ணு எழுதிக் குடுங்களேன். இதுல என்ன வசதின்னா சார், பேரை மட்டும் மாத்தினாப் போதும்."

நாற்பது வருஷ எழுத்து வாழ்க்கையில் இவ்வளவு துல்லியமான விமர்சனத்தை எந்தப் பேராசிரியரும் எனக்குத் தந்ததில்லை.

வீட்டுக்கு வந்து அந்த நாலு வரியைப் பிரித்துப் போட்டேன். நீங்களும் கூட வாருங்கள், பத்து நிமிஷ வேலைதான். சிகரமே, அகரமே: இரண்டாம் எழுத்து 'க' ஒத்துப்போகிறது. அது எதுகை. கடைசியிலும் ஓசை ஒத்துப்போகிறது. அது இயைபு. பாசம், நேசம், ஊற்று, கீற்று, நிழல், தழல் எல்லாம் சுத்தமான எதுகைகள். அன்பு, பண்பு என்பதில் 'ன'வும் 'ண'வும் வேறுவேறு. இன எதுகை என்று மன்னித்துவிடலாம். ஏழைக்கு, எங்களின்: மோனை. ஆக, தமிழாசிரியர் என் கையைக் குலுக்கியதில் தப்பில்லை.

இப்போது 'எங்களின் தழலே' என்பதற்கு அர்த்தம் கேளுங்கள். எனக்குத் தெரியாது. நிழலுக்கு ஜோடி தேவைப்பட்டது, தழல் வந்தது. சரி, அந்த நிழலாவது உண்மையா என்றால் அதுவும் இல்லை. லைப்ரரி சார் ஏழைக்கும் நிழலில்லை, பணக்காரருக்கும் நிழலில்லை. புத்தக விலையில் பத்தில் ஒரு பங்கு வாடகை. ஒரு நாள் தாமதமானால் அபராதம். கடன் சொன்னால் புத்தகத்தைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார். கண்டிப்பான மனுஷர். அதனால்தான் அந்தக் கடை 35 வருஷம் ஓடியது.

இன்னொன்று கவனித்தேன். அதுதான் என்னை நிஜமாகவே உறுத்தியது. நாலு வரியில் ஆறு விளி, அதாவது ஆறு 'ஏ'. வினைச்சொல் என்று பார்த்தால் ஒன்றே ஒன்று: மறைதல். என் கவிதையின்படி அந்த மனிதர் தன் வாழ்நாளில் செய்த ஒரே காரியம், செத்துப்போனது.

இந்த இடத்தில் புதுக்கவிதை நண்பர்கள் பாய்ந்து வருவார்கள், தெரியும். "அதான் சார் அப்பவே சொன்னோம். இந்த எதுகை, மோனை, யாப்பு எல்லாம்தான் கவிதையைக் கொன்றது. தூக்கிக் கடாசுங்க." மறுபுறம் மேடைக் கவிஞர்கள். "எதுகையும் மோனையும் இல்லாமல் என்ன தமிழ்க் கவிதை?" என்பார்கள். இரண்டு கோஷ்டியும் ஐம்பது வருஷமாக ஒரே தப்பைச் செய்துகொண்டிருக்கின்றன. எதுகை மோனையும் யாப்பும் ஒன்றுதான் என்று நினைக்கிறார்கள். ஒன்றில்லை. என் மாடல் நாலில் தொடை இருக்கிறது; யாப்பு இல்லை. சீர் இல்லை, தளை இல்லை. தாலி கட்டாமல் நாதஸ்வரம் மட்டும் வாசித்த கல்யாணம். வியாதி யாப்பில் இருக்கிறது என்பவர்களுக்கு நான் சொல்வது: அந்த ஃப்ளெக்ஸில் யாப்பு இருந்திருந்தால் பையனால் திருடியிருக்க முடியாது.

எப்படி என்று கேட்பீர்கள். வெண்பாவை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடத்தில் உங்களை அழவைத்த அதே வெண்பாதான். அதில் ஒரு சீர் எப்படி முடிகிறதோ அதைப் பொறுத்துத்தான் அடுத்த சீர் தொடங்க வேண்டும். மாவில் முடிந்தால் அடுத்தது நிரையில் தொடங்கணும். விளத்திலோ காயிலோ முடிந்தால் நேரில் தொடங்கணும். விதிவிலக்கு கிடையாது, சிபாரிசு எடுபடாது. இப்போது ஒரு கந்தசாமி செத்துப்போனார் என்று வையுங்கள். கந்-தசா-மி. நேர், நிரை, நேர். நேரில் தொடங்குகிற பெயர். அதை ஒரு காய்ச்சீருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டேன். அடுத்த மாதம் ஃப்ளெக்ஸ் கடைப் பையன் கந்தசாமியை எடுத்துவிட்டு முருகேசனைப் போடுகிறான். முரு-கே-சன். நிரையில் தொடங்குகிறது. உடனே தளை தட்டிவிட்டது. கந்தசாமியின் நாற்காலியில் முருகேசன் உட்கார முடியாது.

"ராமசாமி வந்தால்?" என்று புத்திசாலி வாசகர் ஒருவர் கேட்பது காதில் விழுகிறது. நல்ல கேள்வி. ரா-மசா-மி. கந்தசாமியின் அதே அளவுதான், தளை தட்டாது. ஆனால் அந்தப் பெயர் அடியின் தொடக்கத்தில் இருந்தால் அடுத்த அடி அதன் இரண்டாம் எழுத்துக்கு எதுகை சொல்லியிருக்கும். 'கந்த'வுக்கு 'வந்த', 'சொந்த' என்று ஏதாவது. 'ராம' வந்தால் அது இடிக்கும். தளை முதல் பூட்டு, எதுகை இரண்டாவது பூட்டு. இந்த எதுகையைத்தான் நாம் பூட்டாக வைக்காமல் தோரணமாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம்.

தோரணத்துக்குக் காரணமும் இருக்கிறது. நம் பாஷையில் வரி முடிவில் ஓசை ஒத்துப்போவது இனாம். வந்தான், சென்றான், நின்றான். ஊரிலே, பேரிலே, தேரிலே. விகுதியும் உருபும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். குழந்தை கூடச் செய்யும். காசு கொடுக்காமல் கிடைப்பதை வைத்து ஒருவருக்கு அஞ்சலி செலுத்தலாமா? சமீபத்தில் கைபேசியில் இருக்கிற அந்தச் செயற்கை மூளையிடம் ஓர் இரங்கற்பா கேட்டுப் பார்த்தேன். இறந்தவர் பெயரைக் கேட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை. சில நொடியில் பன்னிரண்டு வரி. மாடல் நாலுக்கும் அதற்கும் நிறத்தில்தான் வித்தியாசம். இயந்திரத்தைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. நானும் பெயரை மட்டும்தான் கேட்டேன்.

பழைய ஆட்கள் என்ன செய்தார்கள் என்று புறநானூற்றைத் திறந்தேன். செத்தவருக்காகப் பாடுவதைக் கையறுநிலை என்கிறார்கள். பெயரே எவ்வளவு நேர்மை பாருங்கள். கை அற்றுப்போன நிலை.

242ஆம் பாட்டு. குடவாயிற் கீரத்தனார் பாடியது. ஆறே அடி. சாத்தன் என்ற வீரன் இறந்துவிட்டான். கவிஞர் அவனைக் கூப்பிடவே இல்லை. ஊரில் பூத்திருக்கிற முல்லைச் செடியைக் கூப்பிட்டுக் கேட்கிறார். இளைஞர்கள் சூடப்போவதில்லை, பெண்கள் கொய்யப்போவதில்லை, பாணன் தன் யாழின் கோட்டால் கொடியை மெல்ல வளைத்துப் பறிக்கப்போவதில்லை, பாடினி அணியப்போவதில்லை. அப்புறம் நீ எதுக்கு பூத்தாய் என்கிறார். வரிசையாக வினைச்சொற்கள், அத்தனையும் எதிர்மறை. ஒரு ஊரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பது கண்ணுக்குத் தெரிகிறது. கடைசி அடியில் பூவின் பெயர் முல்லை; ஊரின் பெயர் ஒல்லையூர். முல்லை, ஒல்லை. இதல்லவா எதுகை! பூவையும் ஊரையும் ஒரே ஓசையில் முடிச்சுப் போட்டிருக்கிறார். வேறு ஊர்க்காரன் செத்தால் இந்தப் பாட்டை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஊர்ப் பெயரை மாற்றினால் முடிச்சு அவிழ்ந்துவிடும்.

112ஆம் பாட்டு இன்னும் கறார். பாரி மகளிர் பாடியது. ஐந்து அடி. முல்லைக்குத் தேர் கொடுத்த கதை நம் எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெண்களுக்குத் தெரியாதா? அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வள்ளல் இல்லை, சிகரம் இல்லை, ஊற்று இல்லை. ஆடம்பரமாக ஓர் அடைமொழி இருக்கிறது. வெற்றி முரசு பற்றியது. அதுவும் அப்பாவுக்கு இல்லை, அவரைக் கொன்ற வேந்தர்களுக்கு! அந்த நிலவில் அப்பா இருந்தார், குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த நிலவில் குன்றையும் கொண்டார்கள், அப்பாவும் இல்லை. விஷயம் இவ்வளவுதான். முதல் அடியும் மூன்றாம் அடியும் கிட்டத்தட்ட அச்சு அசலாக ஒன்று. ஒரு மாதத்தில் மாறியதெல்லாம் 'அ' என்ற சுட்டு 'இ' என்று ஆனது மட்டும். முதல் பாதியில் அப்பா முதலில், குன்று அடுத்து. இரண்டாம் பாதியில் வரிசை திரும்புகிறது. குன்று முதலில், அப்பா கடைசியில். கண்ணாடியில் பார்ப்பது போல. அதனால் பாட்டு எதில் தொடங்கியதோ அதன் இழப்பில் போய் நிற்கிறது. கடைசிக்கு முந்தின அடியில் ஒரு சீர் குறையும். அது நேரிசை ஆசிரியப்பாவின் சட்டம், எல்லாருக்கும் பொது. ஆனால் இங்கே அந்தக் குறைந்த அடியில்தான் வேந்தர்கள் உள்ளே வருகிறார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அந்த இடத்தில் மூச்சு தடுக்கும்.

இவ்வளவும் சொன்னேன், ஒன்றை விட்டுவிட்டேன். பாட்டுக்குள் பாரி என்ற பெயரே இல்லை. மாற்றுவதற்குக் கூட ஒரு பெயர் கிடையாது. இருந்தும் இது பாரி ஒருவனுக்குத்தான்.

வினைச்சொல் பற்றிச் சொன்னேனே, அதற்கு ஔவையார். அதியமான் இறந்ததைப் பாடுகிற 235ஆம் பாட்டில் அவன் கொடுக்கிறான், குடிக்கிறான், சாப்பிடுகிறான். புலால் நாறும் ஔவையின் தலையை நரந்தம் மணக்கும் கையால் தடவிக் கொடுக்கிறான். 'மன்' என்ற ஒரு சின்ன இடைச்சொல் திரும்பத் திரும்ப வந்து, 'அதெல்லாம் போச்சு' என்கிறது. எத்தனை எட்டுக்கால் பந்தல் போட்டாலும் என் சிகரமே, அகரமே அந்தக் கையின் வாசனைக்குப் பக்கத்தில் வருமா?

"அது சங்க காலம் சார், இப்போ விளியில்லாமல் நடக்குமா?" என்பீர்கள். விளி கூடாது என்று நான் சொல்லவில்லை. 1969 பிப்ரவரி 3ஆம் தேதி அண்ணா மறைந்தபோது கலைஞர் எழுதி வானொலியில் வாசித்த கவிதாஞ்சலி, அந்த நாளில் கேட்டவர்கள் இன்றும் மறக்காதது. இலக்கண யாப்பு இல்லை. 'அண்ணா' என்ற விளிதான் அதன் தாளம். அந்த விளி ஏன் வேலை செய்தது? இறந்தவர் வருஷக்கணக்காகத் 'தம்பி' என்று அழைத்துக் கடிதம் எழுதியவர். கடிதம் நின்ற பிறகு வருகிற பதில் அந்த 'அண்ணா'. அதோடு, இதயத்தை இரவல் கேட்டவர் அதைத் திருப்பித் தருவதாகவும் வாக்குக் கொடுக்கிறார். கேட்டவர் யார், எதற்காகக் கேட்டார் என்பது நாட்டுக்கே தெரியும். அரசியலில் உங்கள் கட்சி எதுவாகவும் இருக்கட்டும். விளிக்கு ஆளும் சந்தர்ப்பமும் இருந்தன. அதற்குப் பிறகு வந்த மேடைக் கவிஞர்கள் இரவலை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், கடனை விட்டுவிட்டார்கள்.

நினைவேந்தல் கூட்டத்துக்குப் போயிருக்கிறீர்களா? முதல் வரிசையில் கணவனைப் பறிகொடுத்த அம்மாள் உட்கார்ந்திருக்கிறார். மேடையில் கவிஞர் ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை படிக்கிறார். இரண்டாவது தடவை படித்ததும் நிறுத்தி, கூட்டத்தைப் பார்க்கிறார். எதற்கு? கைதட்டலுக்கு! கூட்டமும் தட்டுகிறது. இயைபு வந்து விழுந்தால் நம் கை தானாக எழுந்துவிடும். சினிமாப் பாட்டு பழக்கிய கை அது. அந்த அம்மாள் தட்டுவதா, வேண்டாமா என்று தெரியாமல் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை ஒரு முறை பார்த்தேன். அன்றைக்கே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

நான் மதிக்கிற ஒரு வகை இரங்கற்பாவை உங்களில் பல பேர் பார்த்திருக்க மாட்டீர்கள். யாழ்ப்பாணத்துத் திதி வெண்பா. அங்கே 31ஆம் நாள் அந்தியேட்டிக்கு இறந்தவர் நினைவாக ஒரு சிறு புத்தகம் அச்சிடுவார்கள். காகிதம்தான், ஆனால் பெயர் 'கல்வெட்டு'. அதில் வாழ்க்கை வரலாறு, தேவாரம், மனைவி புலம்பல், மக்கள் புலம்பல் எல்லாம் இருக்கும். முக்கியமாக ஒரு வெண்பா. இன்ன வருஷம், இன்ன மாதம், வளர்பிறையா தேய்பிறையா, என்ன திதி, இன்ன ஊர், இன்னார் சிவபதம் அடைந்தார். நாலே அடியில் அத்தனையும். அலங்காரத்துக்கு இடமே இருக்காது. வருஷா வருஷம் திவசத்துக்குத் திதி வேண்டும். வெண்பா வாயில் நின்றால் திதி மறக்காது. அதற்காக ஏற்பட்டது.

எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். பிரமோதூத வருஷத்தில் ஒருவர் செத்துவைத்தால் புலவர் பாடு திண்டாட்டம். அந்த வருஷத்தையும் உள்ளே கொண்டுவரணும், திதியையும் விடக்கூடாது, தளையும் தட்டக்கூடாது, கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நாலில் ஒன்றாக முடியணும். அச்சில் ஒரு வார்த்தை மாறிப்போனால் பெரும்பாலும் தளை தட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வெண்பாவை எந்தக் கடைக்காரனும் மாடல் நாலு என்று கம்ப்யூட்டரில் போட்டுவைக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்த பிறகு, வீட்டு அலமாரிகளில் கிடந்த இந்தக் கல்வெட்டுகள் ஊர் வரலாற்றுக்குச் சாட்சியாக மிஞ்சியிருக்கின்றன. ஈழத்து நூல்களைச் சேர்த்துவைக்கிற 'நூலகம்' என்ற இணைய நூலகத்தில் நினைவு மலர்களையும் பத்திரப்படுத்துகிறார்கள். யாரோ ஒரு தபால்காரர், யாரோ ஒரு சுருட்டுக்கடைக்காரர் இந்த நாளில் இந்த ஊரில் இருந்து போனார் என்பதற்குச் சாட்சி.

நம்மூர் ஃப்ளெக்ஸ் பதினாறாம் நாள் முடிந்ததும் என்னவாகிறது? டீக்கடைக்குக் கூரையாகிறது. சிகரமே அகரமே மழைக்கு ஒழுகாமல் காக்கிறது. அந்த ஒரு உபயோகத்தை மறுக்க மாட்டேன்.

சரி, ஊருக்கு உபதேசம் போதும். லைப்ரரி சாருக்கு நான் பட்ட கடன் அப்படியே இருக்கிறது. உட்கார்ந்து யோசித்தேன். அவர் என்ன செய்தார்? வினைச்சொல்லாக யோசித்தேன். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, மைதாப் பசை போட்டு பைண்டு பண்ணுவார். நடுவில் ஏதாவது ஒரு வாரம் விட்டுப்போயிருந்தால் அந்த அத்தியாயத்தை யாரிடமாவது கடன் வாங்கிப் படித்து, கதையைத் தன் கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதி, அந்த இடத்தில் ஒட்டிவிடுவார். துப்பறியும் நாவல்களில் எந்தப் பாவியாவது முதல் பக்கத்திலேயே பென்சிலால் கொலைகாரன் பெயரை எழுதிவைத்திருப்பான். திரும்பி வருகிற ஒவ்வொரு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்து அதை ரப்பரால் அழித்துவிட்டுத்தான் அலமாரியில் வைப்பார். அவருடைய அபராதத்துக்குப் பயந்த பேட்டையில், இதற்காக அவருக்கு நன்றி சொன்னவர் ஒருத்தர் கிடையாது. நான் உள்பட.

நாலு நாள் ஆயிற்று. வந்தது இது:

பச்சைப்பே னாவால் பறிபோன வாரத்தை
மிச்சமின்றித் தானே விவரித்தார் – அச்சில்
கொலைகாரன் பேரைக் குறித்தால் அழிக்கும்
தலைதேய்ந்த ரப்பரெங்கே சொல்

உசத்தியான வெண்பா என்று சொல்ல மாட்டேன். இலக்கணம் தெரிந்தவர்கள் அலகிட்டுப் பார்த்துக்கொள்ளலாம், தளை தட்டவில்லை. பெயர் இல்லை. ஆனால் எங்கள் தெருவில் யாரிடம் காட்டினாலும் யார் என்று சொல்லிவிடுவார்கள். வட்டிக்கடைக்காரருக்கு இது பொருந்தாது.

மகளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்தாள். ரப்பர் வந்ததும் சிரித்தாள், அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை. உள்ளே போய் ஒரு பைண்டு வால்யூமை எடுத்துவந்து பிரித்துக் காட்டினாள். ஒட்டியிருந்த பக்கம்.

"அங்கிள், ஊதா. பச்சை மை கெஜடட் ஆபீஸர் போடறது, நமக்கு எதுக்கும்மான்னுவார்."

பார்த்தேன். ஊதாதான். 30 வருஷமாகப் பச்சை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"பரவால்ல அங்கிள், பச்சையாவே இருக்கட்டும். நல்லாத்தானே இருக்கு" என்றாள். ஃப்ளெக்ஸ் அன்று 'நல்லா இருக்கு' என்று சொன்ன குரல் இல்லை இது. அதனால்தான் விட மனசில்லை. ஊ-தா, நேர் நேர். பச்சை இருந்த இடத்தில் அப்படியே உட்காரும், தளைக்குச் சேதமில்லை. ஆனால் 'பறிபோன'வோடு மோனை போச்சு, 'மிச்ச'மும் 'அச்சு'ம் சேர்ந்து போச்சு. முதல் இரண்டு அடியையும் பிரித்து மறுபடி கட்டணும்.

இதை எழுதுகிற நிமிஷம் வரை ஊதாவுக்கு எதுகை தேடிக்கொண்டிருக்கிறேன். போதாது, ஏதாவது, மாதா, சாதா. சாதாவில் கொஞ்சம் ஆசை இருக்கிறது. தினமும் நாலு மணிக்குக் கடைப் பையனிடம் அவர் சொல்லி அனுப்புவது அதுதான்: "ஒரு சாதா. ஸ்ட்ராங் வேண்டாம்."